நேபாளக் குடும்பங்களுக்கு 3 லட்சம் ரூபாய்: எந்த வழியில் கொடுப்பது?

நேபாளத்தில் நிலம் அதிர்ந்தாலும் மலை சரிந்தாலும் ஒரு வாரத்துக்குள் வசூல் ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் ஒரு உண்டியல், குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ரசீதுப் புத்தகம், கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒரு க்யூஆர் கோடு. பணம் சேர்வதில் பெரிய சிக்கல் வருவதில்லை. சேர்ந்த பணத்தை யாரிடம் கொடுப்பது என்று வரும்போதுதான் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடையும். ஒருவர் கம்பளி வாங்கி லாரியில் அனுப்பலாம் என்பார். இன்னொருவர் பிரதமர் நிதி என்பார். மூன்றாமவர் ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, இந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிடலாம் என்பார்.

கையில் 3 லட்சம் இந்திய ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1993-லிருந்து 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று மதிப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கே அது 4 லட்சத்து 80 ஆயிரம். பெரிய தொகையா, சின்னத் தொகையா? 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, வீடு இடிந்த ஒரு குடும்பத்துக்கு நேபாள அரசு 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. அதுவும் 50 ஆயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணையாக. 2023 நவம்பர் 3 இரவு ஜாஜர்கோட், மேற்கு ருக்கும் மாவட்டங்களை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிகக் கொட்டகைக்குத் தந்தது 50 ஆயிரம், இரண்டு தவணையில். இந்தக் கணக்கில் நம் பணம் ஒன்றரை வீட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். கொட்டகை என்றால் 19 குடும்பங்களுக்கு முதல் தவணை.

இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும். எல்லா வழிக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: பணம் பெறும் குடும்பங்களின் பட்டியலை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதினார்கள்?

பொருளாக அனுப்புவது

இதை முதலிலேயே தள்ளிவிடலாம். 2015-இல் காட்மாண்டு திரிபுவன் விமான நிலையத்தில் ஒரே ஒரு ஓடுபாதை. நிவாரண விமானங்கள் வந்து வந்து அது சேதமாகி, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கத் தடை போட்டார்கள். இந்திய எல்லையில், பீர்கஞ்ச் பக்கம், லாரிகள் சுங்கச் சோதனைக்காக நின்றன. டூனா மீனும் மயோனைசும் வந்து இறங்குகின்றன, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று அன்றைய நிதியமைச்சர் ராம் சரண் மகத் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார்.

பழைய துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிரித்து அடுக்கவே நாலு ஆள் வேண்டும்.

பொருள் உள்ளூருக்குள் போய்ச் சேர்ந்தாலும், சாலை முடிகிற இடத்திலிருந்து கிராமத்துக்கு ஒரு நாள் நடை இருக்கும். 2015-இல் உலக உணவுத் திட்டம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. மலையேற்றப் பருவம் படுத்துவிட்டதால் வேலை இல்லாமல் இருந்த சுமைக்காரர்களையும் கோவேறு கழுதைக்காரர்களையும் ஆயிரக்கணக்கில் கூலிக்கு அமர்த்தி கோர்க்கா போன்ற மாவட்டங்களின் உச்சிக் கிராமங்களுக்கு அரிசியைச் சுமக்க வைத்தது. அரிசியும் போனது, கூலியும் உள்ளூரிலேயே தங்கியது. பொருளாக அனுப்பித்தான் தீருவேன் என்பவர் இதையாவது பார்த்துக்கொள்ளட்டும்: பொருளை நேபாளத்துக்குள்ளேயே, முடிந்தால் மாவட்டத் தலைநகரிலேயே வாங்கச் சொல்லுங்கள். தகரமும் தார்ப்பாயும் அங்கே கடையில் கிடைக்கும்.

பிரதமர் நிதி, பெரிய நிறுவனங்கள்

நேபாளப் பிரதமர் பேரிடர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது சட்டப்படி சுத்தமான வழி. சில்லறையாக இருந்தாலும் ஏற்கப்படும். ஆனால் அது நேபாள அரசின் பொதுப் பையில் போய் விழுகிறது. 2015-இல் நிலநடுக்கத்துக்குப் பின் புதிதாகத் திறந்த கணக்குகளில் சேரும் நிவாரணப் பணம் இந்த நிதிக்கே போக வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்து, ஊரெல்லாம் கூச்சல் கிளம்பி, பிறகு அதைத் தளர்த்தினார்கள். அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. எல்லாமே ஒரு வாசல் வழியாக வந்தால்தான் சாலையோரக் கிராமத்துக்கு நாலு முறையும் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு ஒருமுறைகூட இல்லாமலும் போகாது. ஆனால் அந்த வாசல் எவ்வளவு மெதுவாகத் திறக்கும் என்பதற்கும் 2015 சாட்சி. ஏப்ரலில் இடிந்த வீடுகளைக் கட்டித்தரும் பொறுப்புக்கான தேசிய மறுகட்டமைப்பு ஆணையம் வேலையைத் தொடங்கவே டிசம்பர் ஆனது. நடுவில் இந்திய எல்லையில் மாதக்கணக்கில் நீண்ட முற்றுகை வேறு, எரிபொருள்கூட வரவில்லை.

பெரிய சர்வதேச நிறுவனங்கள் முதல் பத்து நாளில் சிறந்தவை. தேடி மீட்பது, மருத்துவமனைக் கூடாரம், குடிநீர், இதையெல்லாம் நம் 3 லட்சத்தால் செய்ய முடியாது. 2015-இல் ஃபேஸ்புக் வழியாக மட்டுமே 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் திரண்டு ஒரு மருத்துவ உதவி அமைப்புக்குப் போனது. அந்தக் கடலில் நாமும் ஒரு வாளி ஊற்றலாம், தப்பில்லை. எந்தக் குடும்பம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு குடும்பத்தின் படம்

இணையத்தில் ஒரு குடும்பத்துக்காகத் தொகை திரட்டுவதுதான் மனதுக்கு மிக நெருக்கமான வழி. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயம். படம் நன்றாக வந்த குடும்பத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு சேரும். பக்கத்து வீட்டில் படம் எடுக்க ஆள் வராதவர்களுக்கு ஒன்றும் இராது. ஒரு மலைக் கிராமத்தில் இந்த வேறுபாடு பல வருடம் பகையாக நிற்கும். அப்புறம், உலக அளவில் பிரபலமான கோஃபண்ட்மீ போன்ற தளங்களில் நேபாள வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் எடுக்க வழியில்லை. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவரின் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதே முழு விஷயமும் ஆகிவிடுகிறது.

இந்த வழி சரியாகப் பொருந்துவது நீங்களே அறிந்த குடும்பத்துக்கு. உங்கள் ஓட்டல் சமையலறையில் பத்து வருடமாக வேலை செய்பவரின் வீடு நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் போய்விட்டது என்றால், குழுவும் வேண்டாம், தளமும் வேண்டாம். 2008-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்தியா–நேபாளப் பணம் அனுப்பும் வசதி இதற்கென்றே இருப்பது. உங்கள் வங்கிக் கிளையிலிருந்து நெஃப்ட் முறையில் போகும். ஒருமுறைக்கு 2 லட்சம் வரை அனுப்பலாம். அங்கே நேபாள ரூபாயாகக் கையில் கிடைக்கும். அவரிடமே கொடுத்து அவரையே அனுப்பச் சொல்வது அதைவிட மரியாதை.

அநாதை இல்லங்களுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். நேபாளத்தில் இந்த இல்லங்களில் பெரும்பாலானவை காட்மாண்டு, லலித்பூர், பொக்ரா, சித்வன் என்று வெளிநாட்டார் வந்து போகும் இடங்களில் குவிந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம் என்று மலைக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தவர்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு பெற்றோர் துணையின்றிக் குழந்தைகளை மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோகவே அரசு தடை விதிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தாய்க்கு என்ன வேண்டுமோ, அதற்குக் கொடுப்பதுதான் உதவி.

வீடு கட்டித் தருவது

குழுவில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: நம் பெயரில் ஒரு வீடு, ஒரு கல்வெட்டு. 3 லட்சத்தில் அது நடக்காது என்பது இருக்கட்டும். பெரிய பணம் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஏனென்றால் நேபாளத்தில் மக்களிடம் வசூலித்துக் கட்டிய இரண்டு குடியிருப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவை.

ஒன்று சிந்துபால்சோக் மாவட்டத்தில், மேலம்சிக்குப் பக்கத்தில் உள்ள கிரான்சௌர். துர்முஸ், சுந்தலி என்ற தொலைக்காட்சி நகைச்சுவை வேடங்களால் நாடெங்கும் அறிமுகமான சீதாராம் கட்டேல், குஞ்சனா கிமிரே தம்பதி 2015-க்குப் பிறகு வசூலில் இறங்கினார்கள். உள்நாட்டிலும், வளைகுடா நாடுகளிலும் மற்ற இடங்களிலும் வேலை பார்க்கும் நேபாளிகளிடமும் பணம் திரட்டினார்கள். தாங்களே தளத்தில் தங்கி மண் சுமந்தார்கள். வீடு பெறும் குடும்பங்களும் தன்னார்வலர்களும் உடலுழைப்பைத் தந்தார்கள். 66 வீடுகள் எழுந்தன, பழைய ஊர் இருந்த பகுதியிலேயே. அடுத்து, இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில் நிலமற்ற முசஹர் மக்களுக்கு ஒரு குடியிருப்பு. இதுவரை எல்லாமே நன்றாகப் போனது. அதே அமைப்பு சித்வனில் பெரிய கிரிக்கெட் மைதானம் கட்டப்போய், பணம் பற்றாமல் நின்று, கடைசியில் பரத்பூர் மாநகராட்சியிடம் ஒப்படைத்ததும் உண்மை. குடும்பங்களுக்கு வீடு என்றபோது திரண்ட அதே கைகள் மைதானத்துக்கு அந்த அளவு திரளவில்லை.

இன்னொன்று கோர்க்கா மாவட்டத்து லாப்ராக். 2015 நிலநடுக்கத்தின் மையமான பர்பாக்குக்கு அடுத்த, குருங் இன மக்களின் கிராமம். நிலச்சரிவு அபாயம் என்பதால், ஊருக்கு மேலே குப்சிபாக்கா என்ற மேட்டில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், வெளிநாடு வாழ் நேபாளிகள் சங்கம் வரிசை வரிசையாக 573 வீடுகள் கட்டியது. உலகமெங்கும் உள்ள நேபாளிகளின் பணம் அது. திட்டத்தில் குறை சொல்ல முடியாது: பொறியாளர்கள், நிலநடுக்கம் தாங்கும் சுவர், அரசுடன் ஒப்பந்தம். வீடுகள் முடிந்தும் ஏராளமானவை பூட்டியே கிடந்தன. வயல்கள் கீழே, வீடு மேலே. எருமையைக் கட்ட இடமில்லை. மக்காச்சோளம் காயவைக்கும் இடமில்லை. அந்த உயரத்துக் காற்றும் பனியும் வயதானவர்களுக்குத் தாங்காது. பலர் பழைய ஊரிலேயே வீட்டைத் திருத்திக் கட்டிக்கொண்டு, மேலே உள்ளதை எப்போதாவது பயன்படுத்தினார்கள்.

இரண்டிலும் நல்லெண்ணம் சமம்தான். எருமை எங்கே நிற்கும் என்று கேட்ட ஆள் ஓரிடத்தில் தளத்திலேயே இருந்தார். மற்ற இடத்தில் வரைபடத்தோடு முடிந்தது. வெளியூரில் உட்கார்ந்து 3 லட்சம் வைத்திருக்கும் நாம் இரண்டாவது வகை. நமக்கு வீடு கட்டும் வேலை வேண்டாம்.

ஊரின் சொந்தக் குழுக்கள்

சரி, அப்படியானால் யாரிடம்? நேபாளத்தின் மலைக் கிராமத்தில் ஏற்கெனவே பணத்தைக் கையாளும் ஆட்கள் மூன்று இடத்தில் இருக்கிறார்கள்.

முதலாவது வார்டு. 2017-க்குப் பிறகு நாடு 753 உள்ளாட்சிகளாகவும் அவற்றுக்குள் 6,743 வார்டுகளாகவும் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். 2015-இல் இது இல்லை. அப்போது உள்ளாட்சித் தேர்தல் நடந்தே ஏறக்குறைய 18 வருடம் ஆகியிருந்தது. இன்று நிவாரணப் பட்டியல் வார்டு வழியாகத்தான் போகிறது. அவர்களைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் வார்டுத் தலைவர் அரசியல்வாதி. அடுத்த தேர்தல் அவர் கண்முன் இருக்கும். ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பிகள் தனித்தனிக் குடும்பமாகப் பெயர் பதிந்துகொள்வது, வெளியூரில் வாழ்பவர் பூட்டிய வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப்போவது போன்ற புகார்கள் ஒவ்வொரு பேரிடரிலும் எழுகின்றன. எதிர்ப்பக்கத்தில், லால்பூர்ஜா எனப்படும் நில உரிமைச் சான்று கையில் இல்லாதவர்கள் பட்டியலில் ஏறவே சிரமப்பட்டார்கள். வாடகைக்கு இருந்தவர், அடுத்தவர் நிலத்தில் தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர், நிலம் மாமனார் பெயரில் இருக்கும் விதவை. 2015-க்குப் பிறகு முறையீடுகளே லட்சத்தைத் தாண்டின.

இரண்டாவது ஆமா சமூஹ, அதாவது தாய்மார் குழு. குருங், மகர் கிராமங்களில் இது வலுவானது. ஆண்கள் பாதிப்பேர் பட்டாளத்திலோ கத்தாரிலோ மலேசியாவிலோ இருக்க, ஊரை நடத்துபவர்கள் இவர்கள்தான். விருந்தாளி வந்தால் ஆடிப் பாடி வரவேற்று அன்பளிப்பு திரட்டுவார்கள்; அதில் நடைபாதைக்குக் கல் பதிப்பார்கள், பள்ளிக்குக் கூரை போடுவார்கள், குடித்துவிட்டு ரகளை செய்பவனுக்கு அபராதமும் போடுவார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று இவர்களிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் வெளியூர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது: சமுதாய வனக் குழு. 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு கிராமத்துக் காடுகளை அந்த ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து பராமரிக்கிறார்கள். நாடு முழுக்க 22,000-க்கு மேல் இப்படிக் குழுக்கள். வங்கிக் கணக்கு, வருடாந்திரப் பொதுக்கூட்டம், தணிக்கை, நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்று விதிகள் உண்டு. வருமானத்தில் ஒரு பங்கை ஏழைக் குடும்பங்களுக்கே செலவிட வேண்டும். அதற்காக ஊரின் எல்லா வீடுகளையும் வசதியானவர், நடுத்தரம், ஏழை, மிக ஏழை என்று கூட்டத்தில் உட்கார்ந்து வகை பிரித்து எழுதி வைக்கிறார்கள்.

என் முடிவு இந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது. நிவாரணம் வருகிறது என்று தெரிந்த பிறகு எழுதும் பட்டியலில் எல்லோரும் ஏழைகள். பேரிடருக்கு முன்பே, யாரும் எதையும் எதிர்பார்க்காதபோது, எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதிய பட்டியலுக்கு வேறு மதிப்பு. அதுவும் குறையில்லாததல்ல. நுழைவுக் கட்டணம் கட்ட முடியாமல் குழுவுக்கு வெளியே நிற்கும் தலித் குடும்பங்கள் உண்டு. கூட்டத்தில் குரல் எழுப்பாதவர்கள் உண்டு. அதனால் வனக் குழுவின் பட்டியல், வார்டின் சேதப் பட்டியல், தாய்மார் குழுவின் வாய்மொழி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வனக் குழுவில் மிக ஏழை என்று இருந்து, வீடும் போய், அரசின் தவணைப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் யார்? ஒரு வார்டில் அப்படி இருப்பவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் நம் 3 லட்சத்துக்கு எட்டும் அளவில்தான் இருக்கும்.

நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை. வெளிநாட்டு அமைப்பிலிருந்து கிராமக் குழுவின் கணக்குக்கு நேராகப் பணம் போட முடியாது. நேபாளத்துத் தொண்டு நிறுவனங்களே வெளிநாட்டுப் பணம் பெறச் அந்நாட்டு அரசின் சமூக நல மன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தப் பக்கமும், நம் ஊர் அறக்கட்டளை வரிச்சலுகை கெடாமல் வெளிநாட்டில் செலவழிக்கத் தனி அனுமதி தேவை. நேபாள அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பவருக்கு 80ஜி வருமான வரிக் கழிவும் கிடையாது. ஆகவே ஒப்புதல் உள்ள, அந்த மாவட்டத்திலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நேபாள நிறுவனத்தை நடுவில் வைப்பது நல்லது. தங்கள் செலவுக்கு அவர்கள் எடுக்கும் பங்கை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு ஆள் நடந்து போய்ப் பார்ப்பவர், ஒன்றுமே எடுக்கவில்லை என்று சொல்லிக் காட்மாண்டுவிலேயே உட்கார்ந்திருப்பவரைவிட எவ்வளவோ மேல்.

வசூலை அங்கேயே நடத்துபவர்களுக்கு

நேபாளத்துக்குள் அல்லது நேபாளிகளோடு சேர்ந்து வசூலிப்பவர்களுக்கு இரண்டு பழைய முறைகள் இருக்கின்றன. இரண்டும் நிதி திரட்டும் இசை விருந்துகளைவிடச் செலவு குறைவானவை.

நேபாளத்தின் தீபாவளியான திஹார் பண்டிகையில் இளைஞர்கள் குழுவாக வீடு வீடாகப் போய் தேவ்சி–பைலோ ஆடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டாக முழங்குவார்கள். தாங்களாக வரவில்லை, பலி மன்னன் அனுப்பி வந்தோம் என்று பாடுவது மரபு. ஓணத்தால் நமக்குத் தெரிந்த அதே மகாபலிதான். வீட்டுக்காரர் மூங்கில் முறத்தில் அரிசி, செல் ரொட்டி, பழம், சாமந்திப்பூ, ஒரு விளக்கு, நடுவே ரூபாய்த் தாள்கள் வைத்து வெளியே கொண்டுவருவார். குழு ஆசி சொல்லி வாங்கிக்கொள்ளும். இந்தக் காசில் ஊர் மன்றங்களும் நூலகங்களும் நடக்கின்றன. 2023-இல் ஜாஜர்கோட் இடிந்ததற்கும் லட்சுமி பூஜைக்கும் நடுவே ஒன்பதே நாள். 2024 செப்டம்பர் கடைசியில் காவ்ரே மாவட்டத்தையும் காட்மாண்டு பள்ளத்தாக்கையும் வெள்ளம் புரட்டிப்போட்டபோதும் பண்டிகைக் காலம் வாசலில் நின்றது. நேபாளத்தில் பேரிடரும் இந்த வசூல் காலமும் அடிக்கடி அருகருகே வந்துவிடுகின்றன.

மற்றொன்று தான்யாச்சல மகாயாகம். ஏழு அல்லது ஒன்பது நாள் பாகவதம் வாசிப்பு. பந்தலில் நெல்லைக் குன்றாகக் குவித்திருப்பார்கள். யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, நம் பக்கத்து மொய் விருந்து போலவே அடுத்தவர் தொகை ஏறும். இதில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் எழுந்திருக்கின்றன. கட்டடத்துக்கு இது அருமையான முறை. தனித்தனிக் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சரிவராது. பந்தலில் பெயர் கேட்டுக் கொடுத்தவர் பெயர் தெரியும்படி ஒன்று நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

நான் என்ன செய்வேன்

முதல் மாதம் ஒன்றும் அனுப்ப மாட்டேன். அந்த மாதம் எல்லோரும் அனுப்புவார்கள். பொதுவாக மூன்றாவது மாதம்தான் கேமராக்கள் போய்விடும், அரசின் முதல் தவணை வந்திருக்கும், இரண்டாவது வந்திருக்காது. நூற்றுக்கு மாதம் மூன்று என்று சாஹுவிடம், அதாவது ஊர் வட்டிக்காரரிடம், வட்டிக்கு வாங்கத் தொடங்குவது அப்போதுதான். நவம்பரில் நிலநடுக்கம் என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஜாஜர்கோட்டில் தார்ப்பாய்க்கு அடியில் முதியவர்கள் குளிருக்கு இறந்த செய்திகள் அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தன. அங்கே முதல் இரண்டு வாரத்திலேயே தகரத்துக்கும் போர்வைக்கும் பணம் போயிருக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் நிறுவனத்தின் பங்கைக் கழிக்காமல் பார்த்தால், 4 லட்சத்து 80 ஆயிரத்தை 12 குடும்பங்களுக்கு 40 ஆயிரமாகப் பிரிப்பேன். ஒரே வார்டு. இரண்டு மாவட்டங்களுக்குப் பரப்ப மாட்டேன். மூன்று பட்டியலையும் ஒப்பிட்டு, மிக ஏழை, வீடு போனவர், அரசின் தவணையில் பெயர் இல்லாதவர் என்று தெரியவரும் குடும்பங்கள் மட்டும். பணம் குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்கில், அல்லது இசேவா போன்ற கைபேசிப் பணப்பையில். எதற்குச் செலவழிப்பது என்று நிபந்தனை போட மாட்டேன். ஒருவர் தகரம் வாங்குவார், ஒருவர் கடனை அடைப்பார், ஒருவர் ஆடு வாங்குவார். பெயரும் தொகையும் எழுதிய தாள் பள்ளிச் சுவரில் ஒரு மாதம் ஒட்டியிருக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் பொதுக்கூட்டத்தில் சொல்லலாம் என்று அறிவிக்க வேண்டும். படமும் வீடியோவும் கேட்க மாட்டேன்.

30 லட்சம் திரண்டால் இந்தப் பதில் மாறும். அப்போது ஒரு வார்டின் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பதிவு செய்து தருவதைப் பற்றி உள்ளாட்சியோடு உட்கார்ந்து பேசலாம்; லால்பூர்ஜா கைக்கு வந்துவிட்டால் அடுத்த பேரிடரில் அரசின் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு இருந்த பெரிய தடை நீங்கிவிடும். அதற்கு ஒரு வருடமாவது ஆகும், வழக்கறிஞர் செலவும் சேரும், கொடுத்தவர்கள் அதுவரை பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை உங்கள் குழுவில் இருக்கிறதா என்று வசூலுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.